பழைய பெற்றோல் டிராக்டரின் டைமிங்: மலைநாட்டில் டிஸ்ட்ரிபியூட்டரைப் பிரித்துச் சரிசெய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

ஏத்தத்தில் இழுக்காத பழைய டிராக்டரைக் கராஜுக்குள் விட்டதுமே டிரைவர் கேட்பது இதைத்தான்: "பாஸ், டைமிங்கை கொஞ்சம் ஏத்தி வைங்க." டைமிங் என்பது பிளக்கில் பொறி விழும் நேரம்; அந்தப் பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் முறைப்படி பகிர்வது டிஸ்ட்ரிபியூட்டர். அதன் கிளாம்ப்பைத் தளர்த்தி ஒரு தட்டுத் தட்டித் திருப்பிவிட இரண்டு நிமிடம் போதும். அன்றைக்கு வண்டி நன்றாகவே ஓடும். ஆனால் தேய்ந்த புஷ்ஷும் (தண்டைத் தாங்கும் வெண்கலக் குழல்) ஒட்டிப்போன அட்வான்ஸ் எடையும் (வேகத்துக்கேற்பப் பொறியை முந்த வைப்பது) உள்ளே அப்படியே கிடக்கும். கொஞ்ச நாளில் ஸ்டார்ட் பண்ண ஹேண்டில் அடிக்கிற பையனின் மணிக்கட்டை எஞ்சின் திருப்பி உதைக்கும்போதுதான் அது தெரியவரும். டைமிங் வைப்பது இந்த வேலையில் கடைசிப் படி. அதைத் தாங்கிப் பிடிக்கிற பாகங்களைச் சரிசெய்வதில்தான் வேலையின் முக்கால்வாசி இருக்கிறது.

இந்தக் குறிப்புகள் பெற்றோலிலோ மண்ணெண்ணெயிலோ ஓடுகிற, பெட்டரியும், பொறிக்கு உயர் மின்னழுத்தம் தரும் கொயிலும் உள்ள பழைய டிராக்டர்களுக்கு. எடுத்துக்காட்டாக நான் மனதில் வைத்திருப்பது சாம்பல் நிற ஃபெர்குசன் டி.இ. 20. இங்கிலாந்தின் கோவெண்ட்ரியில் 1946 முதல் 1956 வரை செய்யப்பட்ட இந்த வண்டியில் பெற்றோல் வகை, பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணிச் சூடானதும் டிராக்டர் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிற வகை, விளக்கு மண்ணெண்ணெயில் ஓடுகிற வகை, டீசல் வகை எல்லாம் உண்டு. டீசல் வண்டியில் பிளக்கும் இல்லை, பொயின்ட்டும் (கொயிலின் மின்சாரத்தை வெட்டிவிடும் சின்னச் சுவிட்ச்) இல்லை. அதன் டைமிங் பம்பில் இருக்கிறது, அது வேறு கதை. மெக்னீட்டோ (பெட்டரி இல்லாமல் தானே மின்சாரம் உண்டாக்குவது) வைத்த பழைய ஃபோர்ட்சன் டிராக்டர்களுக்கும் பொயின்ட், டைமிங் விதிகள் பெரும்பாலும் பொருந்தும். ஆனால் கீழே வரும் பல்ப் சோதனை மெக்னீட்டோவுக்குச் சரிவராது.

தொடங்குமுன்

நம் பக்கம் சமதரை கிடைப்பதே அரிது. ஃபேக்டரி முற்றமோ பாடசாலை மைதான ஓரமோ, கிடைக்கிற சமமான இடத்தில் வண்டியை நிறுத்துங்கள். பின் சில்லு இரண்டுக்கும் முன்னும் பின்னும் கல் அண்டை கொடுங்கள். எஞ்சினைக் கையால் சுற்றப் போகிறோம் என்பதால் கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். அதனால் பிரேக்கை மட்டும் நம்ப முடியாது. ட்ரெய்லரைக் கழற்றிவிடுங்கள்.

பெட்டரியின் எந்த முனை வண்டியின் உடம்போடு சேர்ந்திருக்கிறது என்று பார்த்து எழுதி வையுங்கள். பழைய பிரித்தானிய வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ் முனைதான் எர்த். இது தெரியாமல் யாரோ ஒருவர் பெட்டரியை மாற்றிப் போட்டிருந்தால் கொயிலின் முனைகள் தலைகீழாகி, பிளக்கில் பொறி பலவீனமாக வரும். எஞ்சின் ஓடும், ஆனால் குளிர் காலையில் ஸ்டார்ட் ஆகாது. தை, மாசியில் நுவரெலியாவில் உறைபனி விழுகிற விடியற்காலையில் இதை நன்றாகவே உணரலாம்.

கருவிகள் அதிகம் வேண்டாம். இடைவெளி அளக்க அங்குலம் போட்ட ஃபீலர் கேஜ், 12 வோல்ட் பல்பில் இரண்டு வயர் இழுத்த டெஸ்ட் விளக்கு (வண்டி 6 வோல்ட் என்றால் 6 வோல்ட் பல்ப்), மெல்லிய எண்ணெய்க் கல், சிறிய ஸ்குரூ டிரைவர்கள், வெள்ளைப் பெயின்ட், சுத்தமான பருத்தித் துணி. ஒவ்வொரு கட்டத்திலும் கையடக்கத் தொலைபேசியில் ஒரு படம் எடுங்கள். பிரிக்கும்போது நினைவிருக்கும் என்று நினைக்கிற வாஷர் வரிசை, பூட்டும்போது நினைவிருக்காது.

உண்மையில் டைமிங்தானா?

பிரிப்பதற்கு முன் பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். கரி பிடித்துக் கறுத்துப்போயிருந்தால் டைமிங்கைக் குற்றம் சொல்ல அவசரப்படாதீர்கள். நுவரெலியா ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். கொழும்புக்குச் சரியாக இருக்கும் கார்புரேட்டர் ஜெட், இங்கே காற்றுக்கு அதிகமாக எரிபொருளை விடும். கறுத்த பிளக், கறுத்த புகை, ஏத்தத்தில் மூச்சுத் திணறல் எல்லாம் அதனாலும் வரலாம். ஏர் கிளீனரைச் சுத்தம் செய்து, மிக்ஸர் ஸ்குரூ உள்ள கார்புரேட்டர் என்றால் அதைச் சரிபார்த்துவிட்டு டிஸ்ட்ரிபியூட்டருக்கு வாருங்கள். ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் 1,200 மீற்றரை ஒட்டிய உயரத்தில் இந்தத் தொல்லை குறைவுதான், ஆனால் இல்லாமல் இல்லை.

டைமிங் பின்னால் போயிருந்தால், அதாவது பொறி தாமதமாக விழுந்தால், வண்டி சோம்பலாக இழுக்கும், தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும், சைலன்சர் பக்கம் அளவுக்கு மீறிச் சுடும். முன்னால் போயிருந்தால் ஹேண்டில் உதைக்கும், சூடான எஞ்சின் ஸ்டார்ட் ஆக மறுக்கும். இரண்டும் மாறி மாறி வந்தால் தண்டு ஆடுகிறது அல்லது அட்வான்ஸ் சிக்கியிருக்கிறது என்று அர்த்தம். எத்தனை தடவை டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பினாலும் அது தீராது.

கழற்றுதல்

பெட்டரி வயரை எடுங்கள். மூடியிலிருந்து பிளக்குக்குப் போகும் ஒவ்வொரு வயரிலும் எண் எழுதுங்கள். ரேடியேட்டர் பக்கம் இருப்பது முதலாம் சிலிண்டர். ஃபெர்குசனில் உள்ள ஸ்டாண்டர்ட் எஞ்சின் 1-3-4-2 என்ற வரிசையில் வெடிக்கும்.

மூடியைத் திறந்து, எஞ்சினை மெல்லச் சுற்றி ரோட்டர் (உள்ளே சுழன்று பொறியைப் பகிரும் கை) எந்தப் பக்கம் சுழல்கிறது என்று பார்த்து, டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பில் ஓர் அம்புக்குறி கீறிவிடுங்கள். இந்த அம்புக்குறி பின்னால் மூன்று இடத்தில் தேவைப்படும். பிறகு முதலாம் சிலிண்டர் அமுக்கத்தில் மேலே வரும்வரை சுற்றி, ரோட்டர் நோக்கும் திசையையும், உடம்பு எஞ்சினில் உட்காரும் நிலையையும் பெயின்டால் குறியுங்கள். கிளாம்ப்பைத் தளர்த்தி உருவுங்கள். வெளியே எடுத்த பிறகு எஞ்சினை யாரும் சுற்றக்கூடாது. பக்கத்தில் நிற்கும் சின்னப் பையன்களிடம் இதைத் தனியாகவே சொல்லுங்கள்.

மூடியும் ரோட்டரும்

மலைநாட்டில் மூடிதான் முதல் குற்றவாளி. இரவு மூடுபனியில் ஷெட்டுக்குள் நிற்கும் வண்டியின் மூடிக்குள் ஈரம் வியர்த்து நிற்கும். காலையில் பொறி அந்த ஈரத்தின் வழியே ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு ஊர்ந்து, பேக்லைட்டில் கரிக்கோட்டைப் பதித்துவிடும். அது தலைமுடி அளவுதான் இருக்கும். சூரிய வெளிச்சத்தில் மூடியைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். பித்தளை முனைகளுக்கிடையில் கிளைவிட்ட கறுப்புக் கோடு இருந்தால் மூடியை மாற்றத்தான் வேண்டும். சுரண்டினால் இரண்டு வாரம் ஓடும், அடுத்த மழைக்கு நிற்கும். நடுவிலுள்ள கரித்துண்டு ஸ்பிரிங்கில் தாராளமாக ஏறி இறங்க வேண்டும்.

ரோட்டர் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் உள்ளே மின்சாரம் தண்டுக்குக் கசியலாம். சோதிக்க, மூடியை எடுத்து, ரோட்டரைத் தண்டில் வைத்து, கொயிலின் நடு வயரை ரப்பர் பிடி போட்ட குறட்டால் பிடித்து, ரோட்டரின் நடுப் பித்தளைக்கு 3 மி.மீ. மேலே நிறுத்துங்கள். சாவியைப் போட்டு, மூடியிருக்கும் பொயின்ட்டை உலர்ந்த மரக்குச்சியால் திறந்து விடுங்கள். பொறி தொடர்ந்து ரோட்டருக்குள் பாய்ந்தால் அது கசிகிறது, தூக்கிப் போடுங்கள். புது ரோட்டரையும் இதே மாதிரி சோதித்துவிட்டுப் பூட்டுங்கள். நடுவிலுள்ள ரிவெட் நீளமாகிப்போன புது ரோட்டர்கள் சந்தையில் நிறையக் கிடக்கின்றன. நல்ல பழைய ரோட்டர் கையில் இருந்தால் நான் புதியதை அலுமாரியில்தான் வைப்பேன். இந்தச் சோதனையை டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றுமுன்போ, பூட்டிய பின்போ செய்யலாம்.

தண்டும் புஷ்ஷும்

டிஸ்ட்ரிபியூட்டரை மேசையில் வைத்து, கேமை (பொயின்ட்டைத் திறக்கும், நான்கு முகம் உள்ள தண்டுத் தலை) இரண்டு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். கண்ணுக்குத் தெரிகிற ஆட்டம் இருக்கக்கூடாது. இன்னும் நிச்சயமாக அறிய, பொயின்ட் முழுதும் திறந்த நிலையில் ஃபீலரால் இடைவெளியை அளந்து, கேமை ஒரு பக்கம் தள்ளியும் மறு பக்கம் தள்ளியும் மறுபடி அளந்து பாருங்கள். அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்குக்கு (0.002 அங்குலம்) மேல் மாறினால் புஷ் போய்விட்டது. நான்கு கேம் முகங்களிலும் இடைவெளி வேறு வேறாக வந்தாலும் தண்டு வளைந்திருக்கலாம், அல்லது புஷ் தேய்ந்திருக்கலாம்.

இந்த ஆட்டம் ஏன் இவ்வளவு முக்கியம்? எஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்றும்போது டிஸ்ட்ரிபியூட்டர் தண்டு ஒரு சுற்றுத்தான் சுற்றும். தண்டில் ஒரு பாகை பிசகினால் எஞ்சினில் இரண்டு பாகை பிசகும். ஒவ்வொரு வெடிப்பும் வெவ்வேறு நேரத்தில் விழும்போது, டைமிங் சரியாக இருக்கிறது என்பதற்கே பொருள் இல்லாமல் போகிறது.

புஷ் எண்ணெய் உறிஞ்சும் வெண்கல வகை. கொழும்பில் பஞ்சிகாவத்தைக் கடைகளில் அளவு சொல்லிக் கேட்டால் கிடைக்கும். கிடைக்காவிட்டால் அதே வெண்கலத்தில் லேத்தில் கடைந்து தருவார்கள். போடுமுன் மெல்லிய எஞ்சின் ஒயிலில் ஒரு நாள் முழுதும் ஊறப்போடுங்கள். அவசரம் என்றால் ஒயிலை 100 பாகை செல்சியஸுக்குச் சூடாக்கி இரண்டு மணி நேரம் போட்டு, ஒயிலோடேயே ஆறவிடுங்கள். அழுத்திப் போடும்போது தண்டின் அளவிலேயே படி வைத்த ஒரு கம்பியின் மேல் கோத்து, மேசை வைஸில் மெல்ல இறுக்க வேண்டும். சுத்தியலால் அடித்தால் வாய் நசுங்கும். போட்ட பிறகு ரீமர் விடாதீர்கள். விட்டால் வெண்கலத்தின் நுண்துளைகள் அடைபட்டு எண்ணெய் வராது, அப்புறம் புது புஷ் போட்டதற்கே பலன் இல்லை.

தண்டைக் கழற்ற, அடியிலுள்ள டிரைவ் நாயின் (எஞ்சினோடு கொளுவும் பல்) பின்னைத் தட்டி எடுக்க வேண்டும். அந்த நாய் தண்டின் நடுவிலிருந்து ஒரு பக்கம் விலகியிருக்கும். ரோட்டர் வெட்டோடு அது எப்படிப் பொருந்தியிருந்தது என்று குறித்துவிட்டு எடுங்கள். திருப்பிப் பூட்டினால் ரோட்டர் 180 பாகை மாறி நிற்கும்.

அட்வான்ஸ் எடைகள்

பொயின்ட் தட்டுக்குக் கீழே இரண்டு எடைகளும் இரண்டு ஸ்பிரிங்கும் இருக்கும். எஞ்சின் வேகம் கூடக்கூட எடைகள் விரிந்து கேமை முன்னால் தள்ளும். பொறி முன்னதாக விழும். பெரும்பாலான டிராக்டர்களில் கார்களில் உள்ளது போன்ற வெக்யூம் டப்பா கிடையாது. கவர்னர் வேகத்தைப் பிடித்து வைப்பதால் இந்த எடைகள்தான் முழு வேலையையும் பார்க்கின்றன.

ரோட்டரை மாட்டி, அம்புக்குறி காட்டும் திசையில் விரலால் திருப்பி விட்டுவிடுங்கள். சட்டென்று பழைய இடத்துக்கு வந்து நிற்க வேண்டும். சோம்பித் திரும்பினால் உள்ளே கிரீஸ் பிசினாகியிருக்கிறது. ஷெட்டில் நாலைந்து வருடம் நின்ற வண்டிகளில் எடை சுழலும் ஊசியே துருப்பிடித்து இறுகியிருக்கும். விரிந்த நிலையில் இறுகினால் ஸ்டார்ட் பண்ணும்போதே பொறி முந்தி விழும்; ஹேண்டில் உதைப்பதற்கு நான் முதலில் பார்ப்பது இதைத்தான். மூடிய நிலையில் இறுகினால் கொழுந்து ஏற்றிய ட்ரெய்லரோடு டிவிஷனிலிருந்து ஃபேக்டரிக்கு ஏறும் பாதையில் மூச்சு வாங்கும்.

எடைகளைப் பெற்றோலில் கழுவி, பின்னைத் துடைத்து, ஒரு சொட்டு எஞ்சின் ஒயில் விட்டுப் பூட்டுங்கள். இரண்டு ஸ்பிரிங்கும் ஒரே மாதிரி இல்லையே என்று ஒன்றை மாற்றிவிடாதீர்கள். லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டர்களில் ஒன்று மெல்லியது, மற்றது தடித்துத் தொளதொளவென்று இருப்பது வேண்டுமென்றே செய்தது: குறைந்த வேகத்தில் மெல்லியது மட்டும் வேலை செய்யும், கூடிய வேகத்தில் தடித்ததும் சேர்ந்துகொள்ளும். அந்தத் தொளதொளப்பை வளைத்து இறுக்கினால் அட்வான்ஸ் கெட்டுப்போகும்.

பொயின்ட்டும் கன்டென்சரும்

பழைய பொயின்ட்டில் ஒரு முகத்தில் குழியும் மறு முகத்தில் மேடும் விழுந்திருக்கும். கொஞ்சம்தான் என்றால் எண்ணெய்க் கல்லால் மேட்டைத் தேய்த்துச் சமப்படுத்தலாம். எமரி தாள் வேண்டாம். அதன் மணல் உலோகத்தில் புதைந்து மறுபடி எரிக்கும். ஆழமான குழி என்றால் புதுசு போடுவதே நல்லது, அதோடு கன்டென்சரையும் (பொயின்ட்டில் பொறி பறக்காமல் தடுப்பது) மாற்றுங்கள், ஏனென்றால் குழி வேகமாக விழுவதற்குப் பெரும்பாலும் கன்டென்சரின் அளவு பொருந்தாததுதான் காரணம். லூகாஸ் வகைக்கு 0.18 முதல் 0.24 மைக்ரோஃபரட் வரை. ஓடும்போது பொயின்ட்டுகளுக்கிடையில் பளிச்சென்று வெள்ளைப் பொறி பறந்தால், அல்லது சூடானதும் மட்டும் எஞ்சின் தவறினால், முதலில் கன்டென்சரைச் சந்தேகியுங்கள்.

பூட்டும்போது நிதானமாக இருக்க வேண்டிய இடம் சின்ன ஃபைபர் வாஷர்கள். பொயின்ட்டின் ஸ்பிரிங்கும் கன்டென்சர் வயரும் கொயில் வயரும் ஒன்றையொன்று தொட வேண்டும், ஆனால் மூன்றும் தட்டைத் தொடவே கூடாது. ஒரு வாஷர் இடம் மாறினால் பொயின்ட் எப்போதும் எர்த் ஆகியே இருக்கும், பொறியே வராது. பிரிக்கும்போது எடுத்த படம் இங்கேதான் கைகொடுக்கும். தட்டை உடம்போடு இணைக்கும் சின்னப் பின்னல் வயர் ஒன்று இருக்கும். அது அறுந்திருந்தால் ஒருநாள் ஓடும், ஒருநாள் ஓடாது.

பொயின்ட்டின் குதி கேமின் உச்சியில் ஏறி நிற்கும்போது இடைவெளியை வையுங்கள். பழைய லூகாஸ் வகைகளில் 0.010 முதல் 0.012 அங்குலம், பிந்திய வகைகளில் 0.014 முதல் 0.016 அங்குலம். உங்கள் டிஸ்ட்ரிபியூட்டரின் எண்ணைக் கைநூலில் பார்த்து உரியதை வையுங்கள். ஃபீலர் தாள் மெல்ல உரசிக்கொண்டு போக வேண்டும். இடைவெளி கூடினால் பொயின்ட் முன்னதாகத் திறக்கும், டைமிங் முந்தும், குறைந்தால் பிந்தும். அதனால்தான் இடைவெளியைச் சரிசெய்யாமல் டைமிங்கைத் தொடக்கூடாது. டைமிங் வைத்த பிறகு இடைவெளியைத் தொட்டால் டைமிங்கை மறுபடி வைக்க வேண்டும்.

கேமில் விரல் நுனி அளவுகூட இல்லாமல் கிரீஸ் பூசுங்கள். ரோட்டருக்கு அடியில் தெரியும் ஸ்குரூவில் இரண்டு சொட்டு ஒயில். அதிகம் விட்டால் அது தெறித்துப் பொயின்ட்டில் படிந்து எரியும்.

உச்சியைக் கண்டுபிடித்தல்

உச்சி என்பது பிஸ்டன் மிக மேலே வந்து நிற்கும் இடம். புல்லியிலோ ஃபிளைவீலிலோ உள்ள குறி தெளிவாகத் தெரிந்தால் அதையே நம்பலாம். துருவேறி மறைந்துவிட்டால், அல்லது யாரோ வேறு புல்லி போட்டிருந்தால், நீங்களே குறி போட வேண்டும்.

1. எல்லா பிளக்கையும் கழற்றுங்கள். முதலாம் சிலிண்டரின் துளையில் பெருவிரலை வைத்து ஹேண்டிலைச் சுற்றுங்கள்; காற்று விரலைத் தள்ளினால் அது அமுக்கச் சுற்று.
2. உடைந்த பிளக் ஒன்றின் பீங்கானைத் தட்டி எடுத்துவிட்டு, நடுவே முனை மழுங்கிய போல்ட் ஒன்றை இறுக்கி, அதைப் பிஸ்டனுக்குத் தடையாகப் பூட்டுங்கள். பிஸ்டன் அதில் முட்டும்வரை புல்லியைக் கையாலேயே மெல்லத் திருப்பி, முட்டிய இடத்தில் ஒரு கோடு போடுங்கள்.
3. இப்போது எதிர்ப் பக்கம் திருப்பி மறுபடி முட்டவிட்டு இன்னொரு கோடு. ஹேண்டில் ஒரு பக்கம்தான் சுற்றும் என்பதால் இதைப் புல்லியைப் பிடித்தே செய்ய வேண்டும்.
4. இரண்டு கோட்டுக்கும் நடுவேதான் உண்மையான உச்சி. தடையைக் கழற்றிவிட்டு அங்கே வெள்ளைக் கோடு போடுங்கள்.

எத்தனை பாகை முன்னால் என்பது எஞ்சின் வகையையும் எரிபொருளையும் பொறுத்தது. மண்ணெண்ணெயின் ஒக்டேன் (எரிபொருள் தட்டாமல் தாங்கும் அளவு) குறைவு, சீக்கிரம் தட்டும், அதாவது சிலிண்டருக்குள் தானாகவே வெடித்து 'டிக் டிக்' என்னும். அதனால் மண்ணெண்ணெய் வகைக்குப் பெற்றோல் வகையைவிடப் பிந்தியே வைப்பார்கள். உங்கள் வகைக்குரிய கைநூல் எண்ணை எடுத்துப் புல்லியில் அளந்து குறியுங்கள். புல்லியின் விட்டம் 150 மி.மீ. என்றால் சுற்றளவு 471 மி.மீ.; ஒரு பாகைக்கு 1.3 மி.மீ. ஆறு பாகை வேண்டுமானால் ஏறத்தாழ 8 மி.மீ.

பல்ப் வைத்து டைமிங்

டிஸ்ட்ரிபியூட்டரைப் பழைய குறிப்படி இறக்கி, கிளாம்ப்பைக் கையால் திருப்பக்கூடிய அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். எஞ்சினை ஓடும் திசையிலேயே சுற்றி அட்வான்ஸ் குறிக்குக் கொண்டுவாருங்கள். குறி தாண்டிவிட்டால் கால் சுற்றுப் பின்னால் போய் மறுபடி வாருங்கள். இல்லாவிட்டால் பற்சக்கரத் தொய்வு கணக்கைக் கெடுக்கும்.

பல்பின் ஒரு வயரைக் கொயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் முனையிலும், மற்றதை எஞ்சின் உடம்பிலும் பிடியுங்கள். சாவியைப் போடுங்கள். பொயின்ட் மூடியிருந்தால் பல்ப் எரியாது, திறந்தால் எரியும். உடம்பை அம்புக்குறித் திசையில் திருப்பி, பல்ப் அணையும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். பிறகு ரோட்டரை அம்புக்குறிக்கு எதிரே விரலால் மெல்ல அழுத்திப் பிடித்தபடி, உடம்பையும் அம்புக்குறிக்கு எதிரே நூலளவு நூலளவாகத் திருப்புங்கள். பல்ப் கண் விழிக்கும் அந்த நொடியில் நிறுத்தி இறுக்குங்கள். இறுக்கும்போது உடம்பு அசையும். எஞ்சினை இரண்டு சுற்றுச் சுற்றி, குறியில் சரியாக எரிகிறதா என்று மறுபடி பாருங்கள். சாவியைப் போட்டபடி விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போகாதீர்கள். மூடிய பொயின்ட் வழியே மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தால் கொயில் வெந்துவிடும்.

ஹேண்டிலால் ஸ்டார்ட் பண்ணும்போது பெருவிரலை மற்ற நான்கு விரலோடு ஒரே பக்கம் வைத்து, கீழிருந்து மேலே இழுங்கள். கீழ்நோக்கி அழுத்தி அடிக்க வேண்டாம்.

காதை நம்பாதீர்கள்

பழைய ஆட்களின் முறை ஒன்று உண்டு: பாரத்தோடு ஏத்தத்தில் விட்டு, 'டிக் டிக்' என்று தட்டும்வரை டைமிங்கை முன்னால் ஏற்றி, அங்கிருந்து கொஞ்சம் இறக்குவது. அந்தக் காலப் பெற்றோலுக்கு, கீழ்நாட்டில், அது பொருந்தியிருக்கலாம். இன்று பம்பில் கிடைப்பது ஒக்டேன் 92ம் அதற்கு மேலும். இந்த எஞ்சின்களின் அமுக்க விகிதமோ 6 அளவில், அல்லது அதற்கும் கீழே. அதோடு மேலே நம் காற்றும் மெல்லியது. எவ்வளவு முன்னால் ஏற்றினாலும் தட்டுகிற சத்தம் வராது. அதற்குள் எஞ்சின் சூடேறி, ஹேண்டில் உதைக்கத் தொடங்கிவிடும். அப்படி நுவரெலியாவில் காதால் வைத்த வண்டியில் விறகு ஏற்றிக்கொண்டு கினிகத்தேனை தாண்டிக் கித்துல்கலைக்கு இறங்கிப் பாருங்கள். கீழே காற்று அடர்த்தி கூடியதும் அதே டைமிங் தட்டத் தொடங்கும். மண்ணெண்ணெயில் ஓடுகிற வண்டி என்றால் இன்னும் மோசம்.

மெல்லிய காற்றில் எரிதல் மந்தமாவதால், மேலேயே வேலை செய்கிற வண்டிக்கு இரண்டொரு பாகை முன்னால் வைப்பதில் நியாயம் உண்டு. ஆனால் அதையும் குறியில் அளந்து வையுங்கள். ஸ்ட்ரோப் விளக்கு (பொறியோடு சேர்ந்து மின்னி, சுழலும் குறியை நிற்பது போல் காட்டுவது) இருந்தால், மெதுவான ஓட்டத்தில் குறி ஒரே இடத்தில் நிற்கிறதா, வேகம் கூட்டும்போது சீராக முன்னால் நகர்கிறதா என்று பார்க்கலாம். குறி அங்குமிங்கும் துள்ளினால் புஷ்ஷுக்குத் திரும்புங்கள். நகரவே இல்லை என்றால் எடைகளுக்கு.

ஏத்தச் சோதனையைப் பாதி பாரத்தோடு செய்யுங்கள். இறக்கத்தில் கியரிலேயே இறங்குங்கள். நியூட்ரலில் ஒருபோதும் விடாதீர்கள்.

மழைக்கு

வைகாசியிலிருந்து புரட்டாதி வரை தென்மேற்குப் பருவமழை ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் சரிவுகளை விடாது. ஊவாப் பக்கம் கார்த்திகையிலிருந்து வடகீழ் மழை. மூடியின் வெளிப்புறத்தையும் வயர்களையும் வாரம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடையுங்கள். வெடித்த ரப்பர் மூடிகளை மாற்றுங்கள். பொலித்தீன் பையால் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றிக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வெளி மழையை அது தடுக்கும், உள்ளே வியர்க்கிற ஈரத்தை வெளியே விடாது. மேலே மட்டும் கவிழ்ந்து நிற்கும் ரப்பர் அல்லது தகரத் தடுப்பு அதைவிட நல்லது.

புது பொயின்ட்டின் ஃபைபர் குதி முதல் சில நாள் வேலையில் வேகமாகத் தேயும். அப்போது இடைவெளி குறையும், டைமிங் தானாகப் பின்னால் போகும். அதனால் 20 மணி நேரம் ஓடிய பிறகு ஃபீலரை எடுத்து இடைவெளியை அளந்து சரிசெய்யுங்கள், பல்பை மாட்டி டைமிங்கை ஒருமுறை பாருங்கள். அதற்கப்புறம் ஒயில் மாற்றும் ஒவ்வொரு தடவையும் பார்த்தால் போதும்.